சுக்கானைச் சொல்லாதவன்

அச்சுவேலிச் சந்தைக்கு முன்னால் வாழைக்குலை ஏற்றிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று வீதிக்குக் குறுக்கே நின்றது. பஞ்சலிங்கம் ஓட்டோவை நிறுத்தி இஞ்சினையும் அணைத்தான். அணைத்திருக்கக் கூடாது. இரைச்சல் அடங்கியதும், பின்சீற்றில் மியூரியல் பிடித்திருந்த கைபேசிக்குள் இருந்து, கடலோடு போய்விட்டான் என்று ஊரே நம்பிய ஒருவனின் குரல் தெளிவாகக் கேட்கத் தொடங்கியது.

"பாய்மரம்," என்றது அந்தக் குரல்.

"ஓம்," என்றது ஒரு வயதான பெண்ணின் குரல்.

"மரத்தின்ரை உச்சியிலை கப்பி."

"ஓம்."

"கப்பிக்குள்ளாலை வாற கயிறு ஆஞ்சான். ஆஞ்சானை இழுத்தால் பருமல் மேலை ஏறும். பருமல் ரெண்டு தடி சேத்துக் கட்டினது, கட்டு நீலக்கயிறு. அதிலைதான் பாய் தொங்கிறது."

"ஓம்."

"பாயிலை ஒரு ஒட்டு. பச்சைப்பூப் போட்ட சீலைத்துண்டு."

இந்த இடத்தில் "ஓம்" கொஞ்சம் பிந்தி வந்தது.

"பாயின்ரை கீழ்மூலையிலை இருந்து கைக்கு வாற கயிறு தாமான். ஆனால் அப்பா தாமான் எண்டு சொல்லமாட்டார். தக்சா எண்டுதான் சொல்லுவார். கையாலை விட்டால் கத்திக் குழப்படி பண்ணும், தங்கச்சியை மாதிரி எண்டு."

அதற்கு "ஓம்" வரவே இல்லை. காற்றுச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு பதிவு நின்றது.

பஞ்சலிங்கத்துக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது. அவனுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது. பயம் வந்தால் அவனுடைய வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"அக்கா, உதை ஒருக்கா நிப்பாட்டி வையுங்கோ. மத்தியானம் சாப்பிட்ட மரவள்ளிக்கிழங்கு திரும்பி வரப்பாக்குது."

"இன்னொருக்காக் கேப்பம்," என்றார் மியூரியல்.

மியூரியல் உடுவில்காரி. நல்லூரில் ஒரு ரியூசன் சென்ரருக்கு மேல்மாடியில், பக்கத்து அறையில் பௌதிகம் படிப்பிக்கிற சத்தத்துக்கு நடுவில், அலுவலகம் வைத்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கனவே ஒரு குடும்பம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வதுதான் பிரதான தொழில். அதில் அவர் வாங்கிய பெயரும் பெரிது, வாங்கிய சாபமும் பெரிது. பஞ்சலிங்கம் அவருக்குச் சாரதி, உதவியாள், மாப்பிள்ளையின் அண்ணன்மார் கோபத்தோடு ஏறி வந்தால் படியில் நின்று சமாதானம் பேசுகிறவன். கடைசி வேலைக்கு மீற்றர் ஓடாது என்பது அவனுடைய நீண்டநாள் மனக்குறை.

ஆனால் இது மாப்பிள்ளை விசாரணை இல்லை. அன்று காலை தொண்டைமானாற்றிலிருந்து தக்சாயினி என்ற பெண் வந்திருந்தாள். அவளுடைய தகப்பன் கனகலிங்கம் பேர்போன படகோட்டி. போர் நடந்து எண்ணெய்க்குத் தடை இருந்த காலத்தில், எல்லோருடைய இயந்திரப் படகும் கரையில் கிடந்து காய, அந்த மனிதர் மட்டும் பழைய மரத்தை நட்டுப் பாய் விரித்துக் கடலுக்குப் போனார். ஒரு விடியற்காலை, பதினொரு வயது மகன் சயந்தனையும் கூட்டிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. படகும் வரவில்லை, ஒரு பலகைத்துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை. தக்சாயினி அப்போது கைக்குழந்தை.

தாய் மகாதேவி பொட்டை அழிக்கவில்லை. வீட்டில் மிச்சமாய்க் கிடந்த ஒரு பாய்மரத்தை முற்றத்தில் நட்டு, பொழுது சாய்ந்தால் அதன் உச்சிக்கு ஒரு அரிக்கன் லாம்பை ஏற்றினார். போன இரண்டு பேருக்கும் கரை தெரிய வேண்டும் என்பது அவருடைய கணக்கு. வெளிச்சம் காட்டக் கூடாது என்றிருந்த நாட்கள் போக, முப்பது வருடத்துக்கு மேலாக அந்த லாம்பு ஏறிக்கொண்டே இருக்கிறது.

இரண்டு கிழமைக்கு முன் இந்தியாவிலிருந்து ஒரு ஆள் வந்து வாசல் படலையடியில் நின்றான். மகாதேவி அவனை மேலும் கீழும் பார்த்து, "சயந்தனோ?" என்றார். அவன் "ஓம்" என்றான். அப்பா கடலோடு போய்விட்டார், தான் தப்பி அகதி முகாமில் வளர்ந்தேன் என்றான். அன்று பின்னேரம் தாய் கேட்கக் கேட்க அவன் படகின் உறுப்புகளைச் சொன்னதைத்தான் தக்சாயினி கைபேசியில் பதிவு செய்திருந்தாள். நாளைக்குக் காலை கீரிமலைத் தீர்த்தக்கரையில் கனகலிங்கத்துக்கு ஈமக்கிரியை. வந்த மகன்தான் செய்யப்போகிறான். அதோடு மகாதேவி தாலியைக் கழற்றிப் பொட்டையும் அழிக்கப்போகிறார்.

"உவர் உண்மையா என்ரை அண்ணை எண்டால் காலிலை விழுந்து கும்பிடுவன் அன்ரி," என்று தக்சாயினி சொல்லியிருந்தாள். "இல்லையெண்டால், ஒரு பொய்யனை நம்பி அம்மா பொட்டை அழிக்கக் கூடாது. இரத்தம் குடுத்துச் சோதிப்பம் எண்டு கேட்டன். கேட்டால் செத்துப்போவன் எண்டு சொல்லுறா. நாளைக்கு விடியமுதல் எனக்கு ஒரு பதில் வேணும்."

லாண்ட்மாஸ்டர் விலகியது. ஓட்டோ மறுபடி ஓடத் தொடங்கியதும் பஞ்சலிங்கத்துக்குத் தைரியமும் கொஞ்சம் திரும்பியது.

"என்னைக் கேட்டால் உவன் சரியான ஆள்தான் அக்கா. உவ்வளவு விறுவிறெண்டு சொல்லுறான். என்ரை ஓட்டோவைப் பற்றி என்னட்டைக் கேட்டால் நானும் நித்திரையிலை சொல்லுவன். ஹாண்டில், பிறேக்கு, கிளச்சு, கியர், ஹோர்ன், மீற்றர். மீற்றர் வேலை செய்யாது, ஆனால் இருக்குது. நீங்களும் எத்தினை வருசமா ஏறித்திரியிறியள். எங்கை, சொல்லுங்கோ பாப்பம்."

மியூரியல் சிரித்துக்கொண்டே தொடங்கினார். "கூரை. கூரை றெக்சினிலை ஒரு கிழிசல், அதுக்குப் போட்ட ஒட்டு. சீற்றுக்குப் பின்னாலை ஒட்டின முருகன் படம். பிடிக்கிற கம்பி. மழைக்கு இறக்கிற படங்கு. உம்முடைய பிடரியிலை இருக்கிற மச்சம்."

"மச்சம் ஓட்டோவுக்குச் சொந்தமில்லை. ஆனால் முக்கியமானதை விட்டிட்டியள். பிறேக்கைச் சொல்லேல்லை. பிறேக்கு இல்லாட்டில் நாங்கள் ரெண்டுபேரும் இப்ப சந்தைக்குள்ளை வாழைக்குலையோடை கிடந்திருப்பம்."

"எனக்கு எங்கை பிறேக்குத் தெரியுது? எனக்கு உம்முடைய முதுகுதான் தெரியுது."

பஞ்சலிங்கம் கண்ணாடியில் பார்த்தபோது மியூரியலின் சிரிப்பு போய்விட்டிருந்தது. கைபேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்து அந்தப் பதிவை மீண்டும் போட்டார்.

"என்னக்கா? என்ன கண்டுபிடிச்சனீங்கள்?"

"சொல்லுறன். ஆளைக் கண்டபிறகு சொல்லுறன்."

இதுதான் பஞ்சலிங்கத்துக்குப் பிடிக்காதது. அவனுடைய ஓட்டோவுக்குள் இருந்து அவனுடைய கதையைக் கேட்டுக் கண்டுபிடித்ததை அவனிடமே சொல்லாமல் வைத்திருப்பது எந்த ஊர் நியாயம் என்று அவனுக்கு விளங்கவில்லை.

தொண்டைமானாற்றுப் பாலத்தைக் கடந்ததும் காற்று உப்புக் கரித்தது. வீடு கடல்வாயின் ஓரத்தில் இருந்தது. முதலில் தெரிந்தது வீடு அல்ல, மரம்தான். பூவரச மரங்களையும் தாண்டிக்கொண்டு, பாயும் இல்லாமல் படகும் இல்லாமல், ஒரு பாய்மரம் முற்றத்தின் நடுவில் நின்றது. உச்சியில் ஒரு கப்பி, அதற்குள்ளால் ஓடிவந்து அடியில் கட்டியிருக்கும் ஒரு கயிறு. காற்றுக்கு அந்தக் கயிறு மரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. யாரோ பொறுமையாகக் கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று பஞ்சலிங்கத்துக்குப் பட்டது. பட்டதை அவன் வெளியில் சொல்லவில்லை.

படலையைத் திறந்தவள் தக்சாயினி. மியூரியல் வாசலிலேயே அவளை நிறுத்தித் தணிந்த குரலில் கேட்டார்.

"கொண்ணர் சயந்தன் அந்தப் படகிலை என்ன வேலை செய்யிறவர்? சின்னப்பிள்ளைதானே."

"சுக்கான் பிடிக்கிறவர். அப்பா பாயைப் பாப்பார், அண்ணை சுக்கானைப் பிடிச்சுக்கொண்டு இருப்பார். உள்ளங்கை காய்ச்சுப்போயிருக்கும் எண்டு அம்மா எத்தினைதரம் சொல்லியிருப்பா."

மியூரியல் தலையை ஆட்டினார். பஞ்சலிங்கம் அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றான். அடியில், சிமெந்துக்கல்லில், லாம்பு துடைத்துத் தயாராக இருந்தது. சிம்னியில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

"தங்கச்சி, உந்த லாம்பு இப்பவும் ஏத்திறதோ?"

"ஓம் அண்ணை. நேற்றும் அம்மா ஏத்தினவ."

"மகன் வந்து நடுவீட்டிலை சோறு தின்னுறார். அப்பா இல்லை எண்டு அவரே சொல்லிப்போட்டார். பேந்து ஆருக்கு உந்த லாம்பு? மீன்களுக்கோ?"

பகிடியாகத்தான் கேட்டான். தக்சாயினி லாம்பைத் திரும்பிப் பார்த்தாள். மியூரியல் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தார். மூன்று மாத வாடகையை ஒரேயடியாகக் கட்டியவனை வீட்டுக்காரர் பார்ப்பது அப்படித்தான் இருக்கும்.

மகாதேவி குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் பெரிய குங்குமப்பொட்டு, நாளைக்குப் போகப்போகிற பொட்டு. வந்தவன் வெளியில் மரத்தடியில் ஒரு கதிரையின் பின்னல் அறுந்ததைத் திருத்திக்கொண்டிருந்தான். நாற்பது வயதைத் தாண்டியவன், மெலிந்த உடம்பு. வேலையெல்லாம் இடக்கையாலேயே ஓடியது. வலது கை பாதி மூடினபடியே இருந்தது, முழுக்க விரியவில்லை.

தக்சாயினி சந்நிதி முருகன் கோயிலில் இருந்து கொண்டுவந்த திருநீற்றைத் தட்டில் நீட்டினாள். பஞ்சலிங்கம் முகத்தை மேலே தூக்கி, "முருகா" என்று நெற்றி நிறையப் பூசினான். வந்தவனும் எடுத்தான். எடுத்தவன் தலையைக் குனிந்து, கண்ணை மூடி, உதடு அசைய அப்படியே நின்றான். அதற்குப் பிறகுதான் கை நெற்றிக்குப் போனது. மியூரியல் அதைப் பார்த்துவிட்டுக் கதிரை ஒன்றை அவனுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, நான் தக்சாயினிக்குத் தெரிஞ்ச ஆள். உங்களிட்டை ஒண்டே ஒண்டு கேக்கலாமோ?"

"கேளுங்கோ."

"அந்தப் படகிலை நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?"

"அப்பாவோடை."

"அப்பாவோடை எண்டால் முன்னுக்கோ, பின்னுக்கோ?"

"பின்னுக்கு."

"பின்னுக்கு இருக்கிற ஆளுக்கு முதல் கையிலை படுறது என்ன தம்பி?"

அவன் பின்னலைக் கீழே வைத்தான். கயிறு மரத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

"உங்கடை குரல்பதிவைக் கேட்டனான்," என்றார் மியூரியல். "பாய்மரம், உச்சி, கப்பி, ஆஞ்சான், பருமல், பருமலிலை கட்டின நீலக்கயிறு, பாயிலை இருக்கிற ஒட்டு. கடைசியா மேலையிருந்து கீழை வாற தாமான். ஒண்டும் பிழையில்லை. ஆனால் உவ்வளவும் அண்ணாந்து பாத்தால் தெரியிற சாமான். இருந்துகொண்டு பாத்தவன் உப்பிடிச் சொல்லமாட்டான். படகின்ரை அடியிலை மல்லாக்கப் படுத்திருந்தவன்தான் சொல்லுவான். சயந்தன் சுக்கான் பிடிச்ச பிள்ளை. சுக்கானை அவர் மறப்பாரோ? என்ரை ஓட்டோக்காரர் பிறேக்கை மறந்தாலும் மறப்பார்."

"மறக்கமாட்டன்," என்றான் பஞ்சலிங்கம். அவனுக்கு இப்போதுதான் முழுக்க விளங்கியது.

தக்சாயினி திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தாள். "அப்ப உவர் கள்ளனோ? கேட்டுப் படிச்சுக்கொண்டு வந்து எங்களை ஏமாத்தினவரோ?"

"இல்லைப் பிள்ளை. கயிற்றுக்கு உம்முடைய பேர் வைச்சது ஊரிலை ஆருக்குத் தெரியும்? உமக்கே இவர் சொல்லித்தான் தெரியும். அது அந்தப் படகிலை இருந்த ஆளுக்குத்தான் தெரியும். இவர் சயந்தன் இல்லை, ஆனால் கள்ளனுமில்லை. அண்டைக்குப் படகிலை போனது ரெண்டுபேர் இல்லை, மூண்டுபேர். இன்னொண்டும் சொல்லுறன். திருநீற்றைக் கையிலை வைச்சுக்கொண்டு குனிஞ்சு கண்ணை மூடிறது சந்நிதிப் பழக்கமில்லை. அது சாப்பாட்டுக்கு முதல் ஜெபம் சொல்லுற வீடுகளிலை வாற பழக்கம். எங்கடை வீடும் அப்பிடித்தான்."

அவன் எழுந்து நின்றான். ஓடிவிடுவான் என்று நினைத்துப் பஞ்சலிங்கம் படலைப் பக்கம் நகர்ந்தான். அவன் ஓடவில்லை. குசினி வாசலைப் பார்த்தபடி நின்றான். அங்கே மகாதேவி தேத்தண்ணிக் கோப்பைகளோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"அம்மா," என்று தக்சாயினி அவரிடம் ஓடினாள். "அம்மா, நீங்கள் இதிலை இருங்கோ. உவர்..."

"எனக்குத் தெரியும் பிள்ளை," என்றார் மகாதேவி.

கோப்பைகளை ஒவ்வொன்றாகத் திண்ணையில் வைத்தார். ஒன்றும் சிந்தவில்லை.

"முதல்நாள் பின்னேரமே தெரியும். என்ரை பிள்ளையிட்டைப் படகைப் பற்றிக் கேட்டால் சுக்கானைத் தவிர வேறை கதையே வராது. நித்திரையிலையும் கை அப்பிடித்தான் மடிஞ்சிருக்கும். உவன் எல்லாத்தையும் சொன்னான், அதை மட்டும் சொல்லேல்லை. ஆனால் தக்சா எண்டு சொன்னான். அது அவர் எனக்கு மட்டும் சொல்லிச் சிரிச்ச கதை."

"தெரிஞ்சுகொண்டும் ஏனம்மா பேசாமல் இருந்தனீங்கள்?"

"கேட்டால் சொல்லிப்போடுவான் எண்டு பயந்தன்." மகாதேவி முதல் தடவையாக அவனை நேரே பார்த்தார். "கட்டினவருக்குச் செய்யலாம் எண்டு மனம் ஒரு மாதிரி வந்திட்டுது. பெத்ததுக்குச் செய்ய வரேல்லை. உவனைச் சயந்தன் எண்டு கூப்பிட்டுக்கொண்டு இருந்தால், கீரிமலையிலை ஒருத்தருக்கு மட்டும் செய்தால் காணும்தானே. மற்றவன் எங்கையோ இருக்கிறான் எண்டு நான் லாம்பை ஏத்திக்கொண்டு இருக்கலாம்."

பஞ்சலிங்கம் லாம்பைப் பார்த்தான். மீன்களுக்கோ என்று கேட்ட வாயைக் கழுவ வேண்டும் போல இருந்தது. அவன் மெல்லப் போய்ச் சிமெந்துக்கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"நான் பொய் சொல்ல வரேல்லை அம்மா," என்றான் வந்தவன். "எல்லாத்தையும் சொல்லவெண்டுதான் வந்தனான். படலையிலை நிக்க, நீங்கள் சயந்தனோ எண்டு கேட்டியள். கேட்ட முகத்தைப் பாத்து இல்லையெண்டு சொல்ல எனக்கு ஏலாமல் போச்சு."

"இப்ப சொல்லு."

அவன் சொன்னான். அப்போது அவன் தாய் தகப்பன் இல்லாத பன்னிரண்டு வயதுப் பிள்ளை. இந்தியாவில் சித்தப்பா இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, போதகர் ஒருவர் கனகலிங்கத்திடம் வந்து கேட்டிருக்கிறார். ஒருவருக்கும் தெரியாமல், விடியற்காலையில், படகின் அடியில் சாக்குப் போட்டு அவனைப் படுக்க வைத்தார்கள். தலையைத் தூக்கக் கூடாது என்பது கட்டளை. சயந்தன் சுக்கானில் இருந்தபடி அவனுக்கு ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிக்கொடுத்தான். அவன் படுத்தபடி திருப்பிச் சொன்னான். இரண்டு பிள்ளைகளுக்கும் அது விளையாட்டு.

"நல்லா விடிஞ்ச பிறகு காற்றுக் கூடிப்போச்சு. ஒரு பெரிய அலை வந்து படகைச் சரிச்சது. ஐயா கத்தினார். நான் எழும்பிப் பாத்தன்." அவன் மியூரியலிடம் திரும்பினான். "நீங்கள் சொன்னது அரைவாசி சரி அக்கா. படுத்திருந்ததாலை நான் சுக்கானைப் பாக்கேல்லை எண்டு சொன்னியள். நான் பாத்தனான். ஒரேயொருக்காப் பாத்தனான். அதிலை ஆளில்லை. அதாலைதான் என்ரை வாயிலை அது வாறேல்லை."

பாய்மரத்தின் அடியில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தபடி அவன் தொடர்ந்தான்.

"ஐயா தாமானை என்ரை கையிலை சுத்திவிட்டார். தக்சாவைப் பிடி, என்ன நடந்தாலும் விடாதை எண்டார். சொல்லிப்போட்டு மகனுக்குப் பின்னாலை பாய்ஞ்சிட்டார். நான் விடேல்லை. கை பிஞ்சுபோச்சு, அப்பவும் விடேல்லை. படகு போய்க்கொண்டே இருந்தது. பின்னாலை ரெண்டு தலை தெரிஞ்சது. பேந்து தெரியேல்லை." அவன் வலது கையைத் திறக்கப் பார்த்தான். உள்ளங்கைக்குக் குறுக்கே கயிறு அறுத்த தழும்பு ஓடியது. "வளந்து, அங்கை கடற்கரையிலை வேலைக்குப் போனபிறகு ஒருநாள் ஒருத்தர் சும்மா கதையோடை கதையாச் சொன்னார். தாமானை விட்டால் பாயிலை காத்து நிக்காதாம். படகு அந்த இடத்திலையே நிண்டிடுமாம். அண்டைக்கு நான் கையை விட்டிருந்தால் படகு நிண்டிருக்கும். அவையள் நீந்தி வந்திருப்பினம். நான் பிடிச்சுக்கொண்டு இருந்ததாலைதான் ரெண்டுபேரும் போனவை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அக்சிலேற்றரை விட்டால் ஓட்டோ நிற்பதைப் போல என்று பஞ்சலிங்கத்துக்கு விளங்கியது. ஒரு பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டியது 'விடு' என்ற ஒரேயொரு வார்த்தை, அதை ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை இவ்வளவு காலமும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

மகாதேவி யோசித்தார். மகனுக்காகவோ கணவனுக்காகவோ அழப்போகிறார் என்று மற்றவர்கள் காத்திருக்க, அவர் கேட்டது வேறு.

"பாய முதல் அவர் சுக்கானை என்ன செய்தவர்?"

அவன் விழித்தான். "கட்டினவர். பிடியைப் பலகையோடை சேத்துக் கயிற்றாலை கட்டிப்போட்டுத்தான் பாய்ஞ்சவர்."

"வேறை ஏதும் சத்தம் கேட்டதோ?"

"தூரத்திலை ஒரு இஞ்சின் சத்தம். கிட்டக் கிட்ட வந்தமாதிரி இருந்தது."

"அந்த நாளையிலை எண்ணெய் இருந்த படகு நேவியின்ரை எண்டு எங்களுக்குத் தெரியும்தானே," என்றார் மகாதேவி. "தம்பி, அவர் தவழுற வயசிலை இருந்து கடலிலை கிடந்த மனுசன். தாமானை விட்டால் படகு நிக்கும் எண்டு அவருக்குத் தெரியாதோ? நிக்கவேணும் எண்டால் விடு எண்டு சொல்லியிருப்பார். சுக்கானைக் கட்டி, தாமானை உன்ரை கையிலை சுத்தி, விடாதை எண்டு சொன்னவர். படகு நிண்டால் நீ பிடிபட்டிடுவாய். நீ போகவேணும் எண்டு நினைச்சுத்தான் உன்னை அனுப்பினவர். தன்ரை பிள்ளையோடை தான் நிண்டிட்டார். நீ ஒரு பிழையும் செய்யேல்லை. சொன்னதைச் செய்தாய்."

அவன் அப்படியே மண்ணில் குந்தி இருந்து, முகத்தை முழங்காலுக்குள் வைத்து அழுதான். பெரிய ஆண்பிள்ளை அப்படி அழுவதைப் பஞ்சலிங்கம் கண்டதில்லை. மியூரியல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விசாரணையில் கண்டுபிடித்ததைவிடப் பெரியதை அந்தக் குசினிக்குள் இருந்து வந்த மனுசி கண்டுபிடித்துவிட்டார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தக்சாயினி பழக்கத்தில் போய் லாம்பைக் கொளுத்தினாள். கொளுத்திவிட்டு, அதை உச்சிக்கு ஏற்றக் கயிற்றை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தாயைப் பார்த்தாள்.

"உன்ரை பேர் என்ன தம்பி?" என்று மகாதேவி கேட்டார்.

"ஜொனதன்."

"நாளைக்கு ரெண்டு பேருக்கும் செய்யவேணும் ஜொனதன். நீதான் செய்யவேணும்."

"கீரிமலை ஐயர் கோத்திரம் கேப்பார் அம்மா," என்றான் பஞ்சலிங்கம். பகிடி இல்லை, உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் சொன்னான்.

"தாமான் பிடிச்ச கை எண்டு சொல்லுவம். அதுக்கு மேலை என்ன கோத்திரம்." மகாதேவி மரத்தடிக்கு வந்து, லாம்புக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். "அண்டைக்குச் சொன்ன மாதிரி ஒருக்காச் சொல்லு. இந்தமுறை ஒண்டையும் விடாமல் சொல்லு."

ஜொனதன் முகத்தைத் துடைத்தான். அண்ணாந்து மரத்தைப் பார்த்தான்.

"பாய்மரம்."

"ஓம்."

"கப்பி. ஆஞ்சான்."

"ஓம்."

"பருமல். பாய். பாயிலை பச்சைப்பூ ஒட்டு."

"ஓம். அது என்ரை கலியாணத்துக்கு எடுத்த சீலை."

"தக்சா."

அதற்கு "ஓம்" என்றவள் தக்சாயினி.

பிறகு அவன் நிறுத்திவிட்டான். காற்று விழுந்துபோய், கயிறு மரத்தில் தட்டுவதும் நின்றிருந்தது. அவன் பார்வையை உச்சியில் இருந்து மெல்ல மெல்லக் கீழே இறக்கி, படகு இருந்திருந்தால் அதன் பின்பக்கம் எங்கே வருமோ அந்த இடத்தைப் பார்த்தான். அங்கே வெறும் மண்தான் இருந்தது.

"சுக்கான்," என்றான் ஜொனதன். "சுக்கானிலை சயந்தன்."

"ஓம்," என்றார் மகாதேவி. குனிந்து லாம்பின் திரியை இறக்கி அணைத்தார்.